மூன்று வாட்டர் பிளாக்குகளோடு நான்கு வருடம்

என்னுடைய ரைஸன் 9 5900எக்ஸ் பிராசஸர் மேல் இந்த நான்கு வருடத்தில் மூன்று வாட்டர் பிளாக்குகளை மாட்டிப் பார்த்துவிட்டேன். பிராசஸரின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகத் துண்டுதான் வாட்டர் பிளாக். பம்ப் தள்ளும் தண்ணீர் அதன் வழியே ஓடி, ரேடியேட்டரில் ஆறித் திரும்பும். இந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறேன். பம்ப், ரேடியேட்டர், ஃபேன் எதையும் மாற்றவில்லை. அதனால் பிளாக்குக்கும் பிளாக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நியாயமாகச் சொல்ல முடியும்.

அளந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராசஸர் சூட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அறை புழுக்கமாக இருக்கும் நாளில் நல்ல பிளாக்கும் மோசமாகத் தெரியும். லூப்புக்குள் ஒரு சென்சார் வைத்து, பிராசஸர் காட்டும் எண்ணிலிருந்து தண்ணீரின் சூட்டைக் கழித்துக் குறித்துக்கொண்டேன். கீழே டிகிரியில் சொல்லும் வித்தியாசம் எல்லாம் இதுதான். அதுவும் முழு லோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு, தண்ணீர் சூடு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான்.

செட்டிங் எதையும் தொடாமல் விட்டால் இந்த பிராசஸர் அதிகபட்சம் 142 வாட் இழுக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், பிளாக்கைக் கடக்கும் தண்ணீர் சுமார் 1 டிகிரிதான் சூடாகும். ஆனால் பிராசஸரோ தண்ணீரைவிட சுமார் 35 டிகிரியாவது கூடுதலாக நிற்கிறது. அத்தனையும் சிலிக்கானிலிருந்து பிராசஸரின் மேல்மூடி, அதன்மேல் தடவும் பேஸ்ட், பிளாக்கின் செப்புத் தகடு, அதில் வரிசையாக நிற்கும் மெல்லிய ஃபின் இதழ்கள் என்று தாண்டி வரும் வழியிலேயே தேங்கும் சூடு. பம்ப்பை முழு வேகத்தில் விட்டுப் பார்த்தேன். சத்தம் கூடியது, சூடு ஒரு டிகிரி கூடக் குறையவில்லை.

முதல் பிளாக் நிக்கல் முலாம் பூசியது, மேலே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி. பார்க்க அவ்வளவு அழகு. புதிதில் வித்தியாசம் 38 டிகிரி. பதினான்கு மாதத்தில் அது மெல்ல மெல்ல 46-க்கு வந்துவிட்டது. பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினேன், பலன் இல்லை. சரி என்று லூப்பை வடித்துவிட்டு பிளாக்கைத் திறந்தேன்.

ஃபின்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி கூட இருக்காது. அந்த இடுக்கு முழுக்க வெள்ளையாக, மெழுகு போல ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. என் லூப்பில் இருந்தது நிறமில்லாத மென்மையான பிவிசி ட்யூப். அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் லூப்பில் ஓடும் திரவத்தில் கசிந்து, லூப்பிலேயே மிகக் குறுகலான இடத்தில் போய் அடைத்திருக்கிறது. பழைய டூத்பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு அலசு. வித்தியாசம் மறுபடி 39-க்கு இறங்கியது.

ஆனால் மூடியில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நீண்டுபோய் அதன் பள்ளத்தில் உட்கார மறுத்தது. நாலு மூலையிலும் முதலில் அழுத்தி, அப்புறம் நடுநடுவே அழுத்தி ஒருவழியாக உட்காரவைத்தேன். ட்யூபை இணைக்கும் ஃபிட்டிங்கைத் திருகும் துளைக்குப் பக்கத்தில் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் வேறு. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால், ஓ-ரிங் தனியாகத் தருவதில்லை என்று பதில். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. திறந்து கழுவித்தான் ஆக வேண்டிய ஒரு பொருளுக்கு ஓ-ரிங் கிடைக்காது என்றால் எப்படி?

இரண்டாவது பிளாக் முலாம் இல்லாத செம்பு, கறுப்பு அசிட்டால் பிளாஸ்டிக் மூடி. கூடவே ட்யூபையும் கறுப்பு இபிடிஎம் ரப்பருக்கு மாற்றினேன். வித்தியாசம் 37 டிகிரி. இந்த ஒரு டிகிரியை வைத்து இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். இந்த இரண்டு பிளாக்குகளையும் மூன்று மூன்று முறை கழற்றி மாட்டினேன். ஒரே பிளாக்கே முறைக்கு முறை 2, 3 டிகிரி மாறுகிறது. ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் சமமாக உட்காரும். ஒன்றரை வருடம் கழித்துத் திறந்தபோது ஃபின்கள் சுத்தமாக இருந்தன. செம்பு கறுத்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கறுப்பால் சூடு கூடவில்லை.

மூன்றாவதை வாங்கியதற்குக் காரணம், பிளாக்கை மதர்போர்டோடு பிடித்துவைக்கும் அதன் பிராக்கெட். 5900எக்ஸில் சூடு கக்கும் இரண்டு சிப்லெட்டுகளும் (மூடிக்குள் இருக்கும் சின்னச் சின்ன சிலிக்கான் சில்லுகள்) நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கின்றன. இந்த பிராக்கெட் பிளாக்கையே சில மில்லிமீட்டர் அந்தப் பக்கம் தள்ளி உட்காரவைக்கிறது. மூன்று முறை மாட்டியதில் 34, 34, 35. பிளாக்கை மாற்றி எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான ஆதாயம் இதுதான்.

வாங்கப் போகிறவர்கள் திறந்து கழுவ முடிகிறதா, ஓ-ரிங் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டர் செம்பு, பித்தளை என்றால் அலுமினிய பிளாக் பக்கமே போகாதீர்கள். இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அக்ரிலிக் மூடியை ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம், விரிசல் விடும்.

இரண்டாவது பிளாக் இப்போது தம்பியின் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கொடுக்கும்போது புது ஓ-ரிங் இரண்டு சேர்த்துக் கொடுத்தேன்.