தகரக் கூரை ஒழுக்கு: பட்டை, சிலிக்கன், ஸ்குரு – எது நின்றது?

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் கூரை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மழை மட்டும் தவறாமல் வந்தது. அப்போது நானே ஏணியில் ஏறத் தொடங்கினேன். இன்றுவரை வேறு ஆளைக் கூப்பிடவில்லை.

முதலில் அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஒட்டுப் பட்டை. ஈரத் தகரத்திலும் ஒட்டும் என்று விளம்பரத்தில் காட்டுவதை நம்பாதீர்கள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டிய இடங்கள் இன்னும் அசையவில்லை. தூசி இருந்த ஓரங்கள் அடுத்த மழைக்காலத்திலேயே உரிந்து தொங்கின.

சிலிக்கனில் இரண்டு வகை உண்டு. வினிகர் நெடி அடிப்பது குளியலறைக் கண்ணாடிக்கு நல்லது. துத்தநாகப் பூச்சுள்ள தகரத்துக்கு ஆகாது. காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் பூச்சையே அரிக்கும். கடையில் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) மற்ற வகையை, 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எங்கள் வீட்டு ஒழுக்குக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்குருதான். நண்பகல் வெயிலில் தகரம் விரிகிறது. பிற்பகல் மழை கொட்டியதும் சட்டென்று சுருங்குகிறது. இப்படி நாள்தோறும் இழுபட்டு ஸ்குருவைச் சுற்றியுள்ள துளை பெரிதாகிறது. ரப்பர் வாஷரும் வெயிலில் காய்ந்து வெடித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், கீழிருந்தே சொன்னார்: "தம்பி, சொட்டுகிற இடத்தைப் பார்க்காதே. தண்ணீர் எந்தச் சட்டத்தில் வழிந்து வருகிறது என்று பார்." அவர் சொன்னதுதான் சரி. சொட்டியது சமையலறையில், துளை இருந்தது நடுக்கூடத்துக்கு மேலே.

பழைய ஸ்குருவைக் கழற்றி, அதைவிடச் சற்றுத் தடித்ததை, வெயில் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் வாஷருடன் முடுக்குகிறேன். ரப்பர் விளிம்பில் இலேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முடுக்கினால் கிழிந்துவிடும். கூரைமேல் நடக்கும்போது ஸ்குரு வரிசையை ஒட்டியே கால் வையுங்கள், அதன் அடியில்தான் தகரத்தைத் தாங்கும் சட்டம் இருக்கிறது. காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். பதினொரு மணிக்குமேல் தகரத்தில் கை வைக்க முடியாது. ஈரத் தகரத்தில் ஏறவே ஏறாதீர்கள்.

பழைய தோட்ட வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கலாம். அதைத் துளைப்பதோ தேய்ப்பதோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கூரை ஒழுகி மின்கம்பி நனைந்து, பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் அது நம் வேலை அல்ல, உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

செலவைப் பார்த்தால் ஸ்குருதான் மலிவு, மாற்றிய இடத்தில் மறுபடி ஒழுகியதும் இல்லை. பட்டையையும் அடியோடு விட்டுவிடவில்லை. சுவரும் கூரையும் சேரும் இடுக்கில் ஸ்குருவுக்கு வேலையில்லை, அங்கே பட்டைதான்.