டோட்டல் லாஸ் ஆன பழைய கார்: கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா?

ஒன்பது வயது பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்குக் குறித்திருக்கும் காப்பீட்டு மதிப்பு, 2,40,000 ரூபாய். விபத்துக்குப் பிறகு கம்பெனி ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 2,10,000. சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் போனில் கேட்கிறார்: "சார், டோட்டல் லாஸுக்குப் போயிடலாமா, இல்ல வண்டிய நீங்களே வெச்சுக்கிறீங்களா?" இந்தக் கேள்விக்கு அந்த போனிலேயே பதில் சொல்லக்கூடாது. "கையில எழுதிக் குடுங்க சார், ரெண்டு நாள்ல சொல்றேன்" என்பதுதான் சரியான பதில். அந்த இரண்டு நாளில் போட வேண்டிய கணக்கு இது. தொகைகள் எல்லாம் மாதிரிக்குத்தான். விகிதங்கள் பாலிசியில் இருப்பவை.

முதலில் 75% விதி. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்யாமல் முழு நஷ்டமாகக் கணக்கிடுவது, என்று பாலிசி சொல்கிறது. இந்த வண்டிக்கு அந்தக் கோடு 1,80,000. எஸ்டிமேட் தாண்டிவிட்டது, அப்படியானால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் அதே வரியில் "பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வேயர்கள் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டு, தேய்மானம் கழித்த பிறகு மிஞ்சும் தொகையைத்தான் 75 சதவீதத்தோடு ஒப்பிடுகிறார்கள். பழைய வண்டியில் இந்தத் தேய்மானம் பெரிய தொகை.

5 முதல் 10 வயதுவரை உள்ள வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40% கழிப்பார்கள். 10 வயது தாண்டினால் 50%. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றிலும் வயது பார்க்காமல் 50%. ஃபைபர் கிளாஸ் 30%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை, லேபருக்கும் இல்லை. பெயிண்டிங் பில் மொத்தமாக வந்தால் அதில் கால் பங்கை மெட்டீரியல் என்று வைத்து, அதில் பாதி போகும். நம் எஸ்டிமேட்டை உடைத்துப் பார்த்தால்: உலோகம் 80,000, பிளாஸ்டிக், ஏர்பேக் வகையறா 60,000, கண்ணாடி 10,000, லேபர் 40,000, பெயிண்டிங் 20,000. கழிவு முறையே 32,000, 30,000, இல்லை, இல்லை, 2,500. இதோடு 1500 சிசி வரையுள்ள வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 65,500 உங்கள் கையிலிருந்து. இன்சூரன்ஸ் தருவது 1,44,500. கோடு 1,80,000. டோட்டல் லாஸ் இல்லை!

அப்படியானால் சர்வேயர் ஏன் டோட்டல் லாஸ் பேச்சை எடுத்தார்? வண்டியை இன்னும் பிரிக்கவில்லை, அதுதான் காரணம். வெளியில் நின்று பார்த்துப் போடும் எஸ்டிமேட் பிரித்த பிறகு ஏறுமே தவிர இறங்காது. ரேடியேட்டருக்குப் பின்னால் கண்டென்சர், அதற்குப் பின்னால் ஏப்ரன் (சக்கரத்துக்கு மேலே உள்ள உள்தகடு), ஸ்டியரிங் ராக், சப்ஃபிரேம் என்று சப்ளிமெண்டரி எஸ்டிமேட் வந்துகொண்டே இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று தொகைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்தால் 1,44,500. முழு நஷ்டமாக 2,39,000 (ஐடிவியில் பிடித்தம் 1,000 போக) கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு, ஏலத்தில் 70,000க்கு விற்றால் கையைவிட்டுப் போவது 1,69,000. வண்டியை உங்களிடமே விட்டு சால்வேஜை (சேதமான வண்டியின் ஏல விலையை) கழித்துக் கொடுத்தாலும் அதே 1,69,000. மூன்றில் எது குறைவோ அதை நோக்கித்தான் உங்களைத் தள்ளுவார்கள். இது தெரிந்தால், எந்த நேரத்தில் எதை வலியுறுத்துவது என்பது உங்களுக்கே புரியும். டோட்டல் லாஸ் வேண்டும் என்று நினைப்பவர் முழுதாகப் பிரித்துப் பார்த்த எஸ்டிமேட்டைக் கேட்க வேண்டும். ரிப்பேர்தான் வேண்டும் என்பவர் கையிலிருந்து 65,500 தருவதற்குத் தயாராக இருக்க வேண்டும். பம்பர் டு பம்பர் கவர் இருந்தால் தேய்மானம் போகாது, கணக்கு நேரே 1,80,000ஐத் தாண்டிவிடும். ஆனால் ஒன்பது வயது வண்டிக்கு அதைத் தருவது அபூர்வம்.

இடையில் ஒன்று. டோட்டல் லாஸ் என்று ஆன பிறகு, "மார்க்கெட்ல இந்த மாடல் 1,90,000தான் போகுது" என்று யாராவது பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலிசி காலம் முழுக்க, மேற்கொண்டு தேய்மானம் இல்லாமல், ஐடிவியையே மார்க்கெட் மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும் வாசகம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மெயிலில் அனுப்பினால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

சால்வேஜ் என்ற தொகை

இரண்டு வழிகளையும் பிரிப்பது இந்த ஒரே எண்தான். கம்பெனிகள் சேதமான வண்டியின் படங்களை ஆன்லைன் ஏலத்தில் போட்டு, வியாபாரிகளிடம் விலை கேட்கின்றன. ஏலம் இரண்டு விதம்: ஆர்சியோடு, ஆர்சி இல்லாமல். ஆர்சியோடு என்றால் விலை கூடும். அந்தக் காகிதத்துக்கே தனி மதிப்பு இருப்பதால். வண்டியை வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டப்போகிறவருக்கு ஆர்சி உயிரோடு இருக்க வேண்டும், ஆகவே கழிப்பதும் அந்தக் கூடிய விலையாகவே இருக்கும். உதிரிக்காக மட்டும் வைத்துக்கொள்கிறவர், ஆர்சி இல்லாத விலையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். எதுவானாலும் ஏல விலைகள் வந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். "எண்பதாயிரம் வருது சார்" என்று வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சால்வேஜ் 10,000 கூடினால் உங்கள் கையில் வருவது 10,000 குறையும்.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். கொடுத்துவிட்டால் கையில் 2,39,000. அதே ஆண்டு, அதே மாடல், அடிபடாத வண்டி சந்தையில் 2,30,000 என்றால், வேறு வண்டி வாங்கிய பின் 9,000 மிச்சம். வைத்துக்கொண்டால் கையில் 1,69,000. வெளி டிங்கரிடம், பழைய பாகங்கள் போட்டு, ரிப்பேர் 1,05,000. எதிர்பாராதது 20,000. மிச்சம் 44,000, கூடவே உங்கள் பழைய வண்டி. வைத்துக்கொள்வதில் 35,000 லாபம்போலத் தெரியும். ஆனால் அந்த வண்டியை அடுத்த வருடம் விற்கப்போனால், வாங்க வருகிறவர் கதவு விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார், பட்டி பார்த்த இடத்தில் தட்டிப் பார்ப்பார், 60,000 குறைத்துக் கேட்பார். லாபம் நஷ்டமாகிவிடும். ஆகவே ஓடி ஓய்கிறவரை நாமே ஓட்டுவோம் என்பவருக்கு வைத்துக்கொள்வது பரவாயில்லை. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்குக் கட்டாது. 12 வயதைத் தாண்டிய வண்டி என்றால் 15 வருடத்தில் ஆர்சி புதுப்பிப்பு, எப்சி (தகுதிச் சான்று) என்று வரிசையாக நிற்கும். போட்ட பணத்தை எடுக்க மிஞ்சுவது மூன்று வருடமே.

வெளி ரிப்பேர் எப்படி பாதி விலைக்கு வருகிறது? கம்பெனி ஒர்க்‌ஷாப் கதவையே மாற்றும். டிங்கர் தட்டி எடுப்பார். அங்கே புது ஹெட்லைட். இங்கே சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையில் கழற்றிய ஹெட்லைட். பானெட், ஃபெண்டர், டிக்கி, கதவு, பம்பர் இதற்கெல்லாம் இது நல்ல வழிதான். ஏர்பேக்குக்கு மட்டும் பழைய பாகம் வேண்டாம். ஏர்பேக் வெடித்த வண்டியில் பையோடு நிற்பதில்லை: கண்ட்ரோல் மாட்யூல், முன் இரண்டு பெல்ட்டின் பிரிடென்ஷனர், ஸ்டியரிங்கின் கிளாக் ஸ்பிரிங், பல நேரம் டேஷ்போர்டும் சேர்ந்து போகும். பழைய சிறு கார்கள் டோட்டல் லாஸ் ஆவதற்கு இந்தச் சங்கிலியும் ஒரு காரணம். இதை விட்டுவிட்டு, மீட்டரில் எரியும் ஏர்பேக் லைட்டை மட்டும் அணைத்துத் தருகிற ஆட்களும் உண்டு. அப்படித்தான் ரிப்பேர் 'மலிவாகிறது' என்றால் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்.

எந்தச் சேதம் எந்தப் பக்கம்

வெளித்தகடு அடிபட்டு, எஞ்சினும் அடிச்சட்டமும் நேராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரனுக்குக் கீழே ஓடும் சேசிஸ் மெம்பர், முன் கண்ணாடி ஓரத்து ஏ பில்லர், முன் பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள பி பில்லர் மடங்கியிருந்தால் கொடுத்துவிடலாம். பார்ப்பது எளிது: பானெட்டைத் திறந்து, இடது சஸ்பென்ஷன் டவர் போல்ட்டிலிருந்து வலது முன் மூலைக்கும், வலதிலிருந்து இடது மூலைக்கும் டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. இழுத்து நிமிர்த்த முடியும். ஆனால் அலைன்மெண்ட் நிற்காமல் டயரை ஒரு பக்கமாகத் தின்னும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு நம் கருத்து கொஞ்சம் கறாரானது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தண்ணீர் சீட் மட்டத்தைத் தாண்டியிருந்தால் கொடுத்துவிடுவதே நல்லது, கணக்குப் போட வேண்டியதில்லை. கார்ப்பெட் மட்டும் நனைந்த வண்டியைக் காப்பாற்றலாம், அதுவும் ஓரிரு நாளில் சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றி உலர்த்தியிருந்தால். காரணம் இதுதான்: பெரும்பாலான கார்களில் ஏர்பேக் மாட்யூல் கியர் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. முன் சீட்டுகளுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள். அதில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். செம்புப் பின்னில் பச்சைப் பொடி பிடித்திருந்தால் வயரிங் ஹார்னஸ் போகத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். நாலு மாதம் கழித்துப் பவர் விண்டோ, ஆறு மாதம் கழித்து ஸ்டியரிங் மோட்டார், பிறகு திடீரென்று ஸ்டார்ட் ஆகாது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பில், எதற்கும் கிளெய்ம் கிடையாது.

எஞ்சினிலும் அதே கதை. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது சாவி போட்டுத் திருகினால், அமுங்காத தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராட் வளையும். லேசாக வளைந்த ராட் பல மாதம் ஓடிவிட்டுப் பிறகு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். எஞ்சின் ப்ரொடெக்ஷன் கவர் இல்லாதவருக்கு, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று அந்த கிளெய்ம் தள்ளுபடியாகும்.

காகித வேலை

கொடுத்துவிடுகிறவருக்கு: ஒரிஜினல் ஆர்சி, இரண்டு சாவி, ஆர்டிஓ என்ஓசிக்கான படிவம் 28, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, லோன் இருந்தால் அடமானம் நீக்கும் படிவம் 35ம் வங்கியின் என்ஓசியும். லோன் பாக்கி முதலில் வங்கிக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. வண்டியை வாங்குகிறவர் பெயர் நிரப்பாமல் படிவம் 29, 30ஐ வெற்றாகக் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். வண்டி கைமாறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சியில் பெயர் உங்களுடையதாகவே இருந்தால், அது இடிக்கும் விபத்துக்கு நஷ்டஈடு உங்கள் தலையில்தான். பதிவில் இருப்பவரே உரிமையாளர் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடைக்கப்போகிற வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55ன்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ரத்து செய்துகொள்வது பாதுகாப்பு. திருட்டு வண்டிக்கு உங்கள் சேசிஸ் நம்பர் ஏறாமலிருக்க அது உதவும். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள்.

வைத்துக்கொள்கிறவருக்கு: டோட்டல் லாஸ் கணக்கில் பணம் வாங்கியதும் பொதுவாக அந்த பாலிசி முடிந்துபோகும், மீதி மாதத்துக்கு பிரீமியம் திரும்பாது, கிளெய்ம் இல்லாததற்குத் தரும் தள்ளுபடியான என்சிபியும் பூஜ்யமாகும். ரிப்பேர் முடிந்து ரோட்டில் இறக்கும் முன் தேர்ட் பார்ட்டியாவது எடுத்தே ஆக வேண்டும். முழு கவர் கேட்டால் வண்டியைப் பார்த்துவிட்டு மறுக்கக்கூடும். கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது எஸ்டிமேட் சார்ஜ், நாள் வாடகை என்று ஒரு பில் நீட்டுவார்கள். இது யார் தலையில் என்பதை செட்டில்மெண்ட் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். ஸ்டீரியோ, சீட் கவர்போல பாலிசியில் சேர்க்காத பொருள்களை ஏலப் படம் எடுக்கும் முன்பே கழற்றலாம். எடுத்த பிறகு கழற்றினால் சண்டை வரும்.

கொடுத்துவிட்டு வேறு பழைய வண்டி வாங்கப் போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது: உங்களுடையதைப் போல ஏலத்துக்குப் போன இன்னொருவரின் வண்டியும் அதே சந்தையில்தான் துடைத்து நிற்கிறது. பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். ஸ்டெப்னி குழியைத் திறந்து மண் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் ரயில் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தாலோ, கார்ப்பெட் மட்டும் வண்டியைவிடப் புதிதாக இருந்தாலோ, 2,30,000 கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.