காட்டு வழியா, தோட்ட வழியா: மலையகத்துப் புதுப் பாதைக்கு எதில் சேதம் குறைவு?

இலங்கை மலையகத்தில் புதுப் பாதை போடப் போகிறார்கள் என்று பேச்சு எழும்பினால், யோசிக்கத் தக்க வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். மலையுச்சிக் காட்டைக் குறுக்கே வெட்டிப் புது வீதி அமைப்பது, இருக்கிற தோட்டப் பாதையை அகலமாக்குவது, புதிதாக எதுவும் வெட்டாமல் பழைய பாதையைச் செப்பனிட்டு இரவு வாகனங்களைக் கட்டுப்படுத்துவது. தூரத்தை மட்டும் பார்த்தால் காட்டு வழிதான் ஜெயிக்கும். காட்டு உயிர்களை வைத்துப் பார்த்தால் மூன்றிலும் மோசமானது அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் காட்டுக்குள் பாதை எடுக்கும் இடம் தாரின் அகலத்தோடு நிற்பதில்லை. மரம் விழுந்ததும் இரு பக்கமும் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து, சருகும் பாசியும் காய ஆரம்பிக்கும். நம் மலைக்காடுகளின் சிறு மரத்தவளைகள் பலவற்றுக்கு வால்பேத்தைப் பருவமே கிடையாது, ஈரமான இடத்தில் இடும் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும், அதனால் அந்த ஈரம் போனால் அடுத்த தலைமுறையும் போய்விடும். உயர்மலைக் காட்டைவிட்டால் போக்கிடம் இல்லாத கொம்புப் பல்லிகளுக்கும் இதே கதிதான். அப்புறம் மேல்பக்கம் கொங்கிரீட் வடிகான், கீழ்ப்பக்கம் தாங்கு சுவர். செங்குத்தான வடிகானில் விழுந்த சின்ன உயிர்கள் பலவற்றால் ஏறி வெளியே வர முடியாது. வாகனச் சக்கரத்தோடும் கொண்டுவந்து கொட்டும் மண்ணோடும் அந்நியச் செடிகளின் விதையும் வந்து சேரும். ஹோட்டன் சமவெளியில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த முட்புதரான கோர்ஸ் இன்னும் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிறது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. மிச்சம் இருக்கும் மலைக்காடே கொஞ்சம்தான், அதையும் துண்டு போடக் கூடாது.

தோட்ட வழி இதைவிட எவ்வளவோ மேல். காடு ஏற்கெனவே போன இடம், லயத்துச் சனத்துக்கும், அதாவது வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும், அம்பியூலன்ஸ் வந்து போகும். ஆனால் "தேயிலைதானே, அங்கே என்ன மிருகம்" என்று சொல்வதை ஏற்க முடியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை ஒரு தோட்டத்தில்தான் அகப்பட்டது. தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடையை ஒட்டிக் கிடக்கும் பற்றைக் காடுகள் சிறுத்தைக்கும் முள்ளம்பன்றிக்கும் வழித்தடம். அகலப்படுத்துகிறவர்கள் அங்கே ஒரு குழாயைப் புதைத்து மேலே மண்ணை நிரப்பிவிட்டுப் போனால் தடம் அடைபட்டுவிடும். குழாய்க்குப் பதில் பாலம் போட்டு, தண்ணீருக்கு இரு பக்கமும் நடக்கக் காய்ந்த கரை விட்டால் மிருகம் அடியால் போகும். இந்தியாவில் பெஞ்ச் காடு வழியாகப் போகும் 44ஆம் நெடுஞ்சாலையில் இப்படிக் கட்டிய கீழ்வழிகளைப் புலிகளே பயன்படுத்துகின்றன. செலவு கூடத்தான், ஆனால் அது எல்லா இடத்திலும் வேண்டியதில்லை, ஓடை வரும் இடங்களில் மட்டும் போதும். சரிவை வெட்டுவது வேறு ஆபத்து. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததைப் பார்த்த நாம், மண்சரிவு ஆய்வில்லாமல் மலையின் அடியை வெட்ட விடவே கூடாது.

மூன்றாவது வழியைத்தான் யாரும் உரக்கப் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் முதலில் பரிசீலிக்க வேண்டியது. மரை, சிறுத்தை, மரநாய் எல்லாம் இருட்டில்தான் அதிகம் நடமாடும். இந்தியாவின் கர்நாடகத்தில் பந்திப்பூர்க் காட்டு வீதியில் 2009இல் இருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாதாரண வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. அம்பியூலன்ஸுக்கு விலக்குக் கொடுத்து அதையே இங்கும் செய்யலாம். பாதையே இல்லாத ஊருக்கு இது விடையாகாது, அங்கே தோட்ட வழிதான்.

சட்டமும் இந்த ஒப்பீட்டைக் கேட்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை சேதம் குறைந்த மாற்று வழிகளையும், அவற்றை ஏன் தள்ளினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைக்கும், 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை மாற்றும் திட்டத்துக்கும் 1993 வர்த்தமானியின் கீழ் அனுமதி நடைமுறை உண்டு. ஆகவே இந்த அளவுகளைத் தாண்டாமல் காட்ட ஒரே பாதையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். அறிக்கை வந்ததும் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். முதலில் மாற்று வழி அத்தியாயத்தைப் புரட்டுங்கள், அடுத்து கள ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது, இரவிலும் போனார்களா என்று பாருங்கள். வறண்ட மாதத்தில் பகலில் மட்டும் நடந்துவிட்டு "தவளை குறைவு" என்று எழுதியிருந்தால், மழைக்கால இரவில் திரும்பப் பார்க்கச் சொல்லி மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுத்தில் கேளுங்கள்.