தூங்க மறுத்த மானிட்டர்: லினக்ஸ் கணினியோடு நான்கு மாதம்

27 அங்குலம், 4கே, ஐபிஎஸ் பேனல். பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட், ஒரு டைப்-சி. கோவையில் கடைக்கே போய் ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். பிராண்ட் பெயரை எழுதவில்லை. நான் பட்ட பாடு அந்த ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை, பின்னால் நான்கைந்து உள்ளீடு வைத்திருக்கிற எந்த மானிட்டரிலும் வரலாம். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை தமிழ்ப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது, பக்கம் அமைப்பது. பழைய 24 அங்குலத் திரையில் சிறிய எழுத்தில் 'கி'யா 'கீ'யா என்று ஒவ்வொரு முறையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளி அழுக்கு மாதிரி தெரியும். இதில் கீயின் சுழி தனியாகத் தெரிகிறது, 'ஞை' மாதிரி நெருக்கமான எழுத்துகூட அச்சில் பார்ப்பது போல இருக்கிறது. மாலையில் கண் எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

பிரச்சினை இரவில் ஆரம்பித்தது. கணினியை நான் அணைப்பதில்லை, காப்பு நகல் எடுக்கிற வேலை இரவில்தான் ஓடும். டெபியன் என்ற லினக்ஸ் வகை, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணைய வேண்டும் என்று அமைத்திருந்தேன். அணைந்தது. கீழே இருக்கிற சின்ன விளக்கு வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. ஐந்தாறு வினாடி போனதும் கம்பெனி முத்திரை ஒரு மின்னு மின்னி, திரை முழு வெளிச்சத்தில் எழுந்து நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடி அணைந்தது, மறுபடி எழுந்தது. விடிய விடிய இதே கதை. மேசை இருப்பது படுக்கிற அறையில். "அப்பா, யாரு லைட்டு போட்டது?" என்று மகள் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் துண்டு போட்டு மூடி வைத்தேன், அப்புறம் பொத்தானைக் கையால் அமுக்கி அணைத்துவிட்டுப் படுத்தேன்.

கடைக்காரரிடம் சொன்னேன். "அது லினக்ஸ் பிரச்சினைங்க, விண்டோஸ் போட்டுப் பாருங்க" என்றார். கம்பெனி சேவை மையத்திலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். லினக்ஸைக் குறை சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று இவர்களுக்குப் பழகிவிட்டது போல. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த மானிட்டரின் மெனுவை ஒருவர்கூடத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அதில்தான் விடையும் இருக்கிறது. திரையின் மின்சாரச் சேமிப்புக்கு டிபிஎம்எஸ் என்று பெயர், திரைகளுக்குத் தரம் வகுக்கிற வீசா (VESA) அமைப்பு 1993இல் கொண்டுவந்தது. அப்போது பெட்டி மாதிரி இருந்த படக்குழாய் மானிட்டர்கள். அவற்றுக்குக் கணினி இரண்டு ஒத்திசைவுத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று. ஒன்றை நிறுத்தினால் ஸ்டாண்ட்பை, மற்றதை நிறுத்தினால் சஸ்பெண்ட், இரண்டையும் நிறுத்தினால் ஆஃப். இன்றைய தட்டைத் திரையில் இந்த மூன்று படிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணினி சிக்னலை நிறுத்துகிறது, மானிட்டர் அதைக் கவனித்துத் தானாகத் தூங்கப் போகிறது. ஆக, இதில் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். கோளாறு யாரிடம் என்று பிரிக்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் வீணாகும். எனக்கு வீணானது.

பிரித்துப் பார்க்க, டெர்மினல் என்ற கட்டளைச் சன்னலில் ஒரே ஒரு கட்டளை அடித்தால் போதும்: எக்ஸ்செட் டிபிஎம்எஸ் ஃபோர்ஸ் ஆஃப். திரையை அந்த நொடியே தூங்க வைக்கும். ஆனால் அதை அப்படியே அடித்தால் அணைந்த உடனே எழுந்துவிடும், என்டர் விசையிலிருந்து விரலை எடுக்கிற அசைவையும் கணினி ஒரு தட்டலாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். அதனால் முன்னால் ஸ்லீப் 20 என்று சேர்த்து, அந்த இருபது வினாடிக்குள் மவுஸ், கீபோர்டு இரண்டின் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். வழவழப்பான மேசையில் வைத்த ஆப்டிகல் மவுஸ் யாரும் தொடாமலே நடுங்கித் திரையை எழுப்புவது உண்டு, அதையும் ஒதுக்க வேண்டும் அல்லவா? திரை அணைந்தது, ஆறு வினாடியில் எழுந்தது. மவுஸும் இல்லை, கீபோர்டும் இல்லை, எழுப்பியது யார்?

வீடியோ ஓடுகிற பிரவுசரைச் சந்தேகப்படுவார்கள். அது வேறு வியாதி. வீடியோ நிரல்கள் திரையைத் தூங்க விடாமல் தடுக்கும், தூங்கிய திரையை எழுப்பாது. உங்கள் திரை தூங்கவே போகவில்லை என்றால் சிஸ்டம்டி-இன்ஹிபிட் என்ற கட்டளையில் பட்டியல் கேட்டுப் பாருங்கள், பல சமயம் தடுத்து வைத்திருக்கிற நிரலின் பெயர் அதிலேயே இருக்கும். என்னுடையது அந்த வகை இல்லை.

யூடெவ்அட்மின் மானிட்டர் என்று ஒரு கட்டளை உண்டு. கணினியில் எந்தக் கருவி செருகப்பட்டாலும் பிடுங்கப்பட்டாலும் ஒரு வரி எழுதும். அதை ஓடவிட்டு, வருகிற வரிகளை ஒரு கோப்பில் சேமிக்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி வரி, எல்லாம் கிராபிக்ஸ் கார்டின் பெயரில், திரை எழுந்த ஒவ்வொரு நேரத்திலும் ஒரு கொத்து. அதாவது மானிட்டர் தன்னைத் தானே பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறது!

டிஸ்ப்ளே போர்ட் இணைப்பில் ஹாட் ப்ளக் டிடெக்ட் என்று ஒரு தனிக் கம்பி இருக்கிறது, "நான் இங்கே இருக்கிறேன்" என்று மானிட்டர் கணினிக்குச் சொல்வது அதன் வழியாகத்தான். சிக்னல் நின்றதும் இந்த மானிட்டர் தூங்குவதற்கு முன் வேறு எங்காவது படம் வருகிறதா என்று ஒவ்வொரு உள்ளீடாகத் தேடுகிறது. தேடி முடித்து ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தையும் கீழே இறக்கிவிடுகிறது. கணினிக்கு அது கேபிளைக் கழற்றிய மாதிரி. சில வினாடியில் கம்பி மறுபடி மேலே வருகிறது. புது மானிட்டர் வந்திருக்கிறது என்று டெஸ்க்டாப் நினைத்துப் படத்தை அனுப்புகிறது. திரை எழுகிறது. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குக் காலையில் எல்லா சன்னல்களும் ஒரே திரையில் குவிந்து கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மருந்து மானிட்டரின் மெனுவிலேயே இருந்தது. பின்பக்கம் வலது ஓரத்தில் கட்டைவிரலுக்கு மட்டும் எட்டுகிற ஒரு குமிழ், அதைத் தள்ளித் தள்ளிக் கடைசிப் பிரிவு வரை போனால் 'பிற' என்ற தலைப்புக்குள், மொழித் தேர்வுக்குக் கீழே, 'தானியங்கி உள்ளீடு' ஒன்று, 'ஆழ்ந்த உறக்கம்' ஒன்று. இரண்டையும் அணைத்து, உள்ளீட்டை டிஸ்ப்ளே போர்ட்டில் நிறுத்தினேன். அன்று இரவு திரை அணைந்தது, அணைந்தபடியே இருந்தது. நான் கொஞ்ச நேரம் இருட்டில் அந்த ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆழ்ந்த உறக்கத்தை அணைத்தால் கரண்ட் கூடுமே என்றால், கூடும், ஆனால் கொஞ்சம்தான். ப்ளக்கில் மாட்டுகிற மீட்டரில் பார்த்தேன்: முன்பு அரை வாட்டுக்குக் கீழே, இப்போது ஒரு வாட்டுக்குச் சற்று மேலே. திரை எரியும்போது 30 வாட். இரவு எட்டு மணி நேரம் வீணாக எரிந்தால் கால் யூனிட், இரண்டு மாத இபி பில்லில் 14 யூனிட். அந்தப் பக்கம் 14 யூனிட், இந்தப் பக்கம் ஒரு யூனிட்கூட முழுதாக வராது.

மெனுவில் இந்த வசதி இல்லாத மானிட்டர் என்றால் எச்டிஎம்ஐக்கு மாறிப் பாருங்கள், இந்தத் தொல்லை அதில் பெரும்பாலும் குறைவு. ஆனால் எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள பழைய கார்டில் 4கே படம் வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் அம்பு இழுபடும். 2.0 இருந்தால் 60 வரும். கேபிளையும் மாற்றிப் பார்க்கலாம். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் 20ஆம் பின் இரு முனைக்கும் இடையே இணைக்கப்படக் கூடாது என்பது தரம். மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள், அதன் வழியே 3.3 வோல்ட் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து விநோதமான கோளாறெல்லாம் வரும்.

எல்லாம் சரியான பிறகு இன்னொன்று மிச்சம் இருந்தது. நேரத்தை முப்பது நிமிடமாக மாற்றியும் பத்தாவது நிமிடம் திரை கருத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அது முழு இருட்டு இல்லை, ஐபிஎஸ் திரைக்கே உரிய சாம்பல் பூத்த கருப்பு, மூலையில் லேசாக மஞ்சள், விளக்கும் வெள்ளையாகவே இருந்தது. அதாவது படம்தான் கருப்பு, பின்விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்புகிற நிரல் எக்ஸ் சர்வர், அதற்கென்று தனியாக ஒரு திரைக்காப்பு (ஸ்க்ரீன்சேவர்) இருக்கிறது, வழக்கமாக 600 வினாடி. எக்ஸ்செட் கியூ என்று அடித்தால் அதையும் டிபிஎம்எஸ் நேரங்களையும் காட்டும். எக்ஸ்செட் எஸ் ஆஃப் என்று ஒரு வரியை, உள்ளே நுழையும்போதே தானாக ஓடும்படி சேர்த்தேன், போய்விட்டது. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டில் இருப்பவர்களுக்கு இந்த எக்ஸ்செட் உதவாது. க்னோம் டெஸ்க்டாப்பில் அமைப்புகளுக்குள் மின்சாரம் பகுதியிலேயே திரை அணையும் நேரம் இருக்கிறது, கேடிஇ டெஸ்க்டாப்பில் சோதித்துப் பார்க்க கேஸ்கிரீன்-டாக்டர் என்ற கட்டளை உண்டு.

இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த சொத்து டிடிசியூட்டில் என்ற இலவசக் கருவி. கேபிள் வழியாகவே மானிட்டரோடு பேசும், வெளிச்சம், உள்ளீடு, பவர் எல்லாவற்றையும் டெர்மினலிலிருந்தே மாற்றலாம். ஐ2சி-டெவ் என்ற கெர்னல் தொகுதியை ஏற்றி, நம் கணக்குக்கு அனுமதியும் கொடுத்தால் போதும். மானிட்டரின் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு குறி எண் உண்டு: 10 வெளிச்சத்துக்கு, டி6 பவருக்கு. டி6க்கு 4 கொடுத்தால் தூக்கம், 5 கொடுத்தால் பொத்தானை அமுக்கி அணைத்த மாதிரி. என் மானிட்டர் 5 கொடுத்த பிறகு கட்டளைக்கு எழவில்லை, கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது, அதனால் 4ஓடு நிறுத்திக்கொண்டேன். இரவு ஒன்பதுக்கு ஒரு விசையைத் தட்டினால் வெளிச்சம் 20க்கு இறங்குகிறது. அந்தக் குமிழை இப்போது தொடுவதே இல்லை.

இந்த மானிட்டரை வாங்கலாமா என்றால், எழுத்தோடு வேலை செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். படத்துக்கு ஐந்துக்கு ஐந்து, மெனுவுக்கு இரண்டு, சேவை மையத்துக்கு ஒன்று. கடைக்குப் போகும்போது லினக்ஸ் லைவ் பென்டிரைவ் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும்) போட்ட மடிக்கணினி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், உங்கள் வீட்டுக் கணினியில் எந்தக் கேபிளோ அதையே மாட்டச் சொல்லுங்கள். அந்தத் தூங்க வைக்கிற கட்டளையை அடித்துவிட்டு ஒரு நிமிடம் விளக்கையே பாருங்கள். ஆரஞ்சில் நின்றால் பில் போடச் சொல்லலாம். எழுந்துவிட்டால் மெனுவைத் திறக்கச் சொல்லி அந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.