நாட்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? ஒரு கஞ்சா விதைப் பட்டியல் குறித்து

உரிமம் பெற்ற வளர்ப்பாளர்களுக்காக ஒரு விதை நிறுவனம் வெளியிட்டுள்ள ரகப் பட்டியலை, வளர்ச்சி வேகம் என்ற ஒரே கோணத்தில் படித்துப் பார்த்தேன். படங்களும் தாளும் அச்சும் குறை சொல்ல இடமில்லாதவை. ஆனால் ஒவ்வொரு ரகத்தின் பெயருக்குக் கீழும் தடித்த எழுத்தில் அச்சாகியுள்ள நாட்கணக்கை நம்பி விதை வாங்குபவர் ஏமாந்துபோக வாய்ப்பிருக்கிறது.

1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி ருடெராலிஸ் என்று பெயரிட்ட கஞ்சா வகையின் வழிவந்த, பகல் குறுகுவதற்குக் காத்திராமல் வயது வந்ததும் தானாகப் பூக்கும் ரகங்களுக்கு 75 நாள் என்று போட்டிருக்கிறார்கள். இது விதை முளைத்தது முதல் அறுவடை வரையிலான முழுக் காலம். அகன்ற இலையுடைய இண்டிகா ரகங்களுக்குக் குறித்திருக்கும் 56 நாளோ, செடி பூக்கத் தொடங்கிய பின் கதிர் முற்றுவதற்கான காலம் மட்டுமே. அதற்கு முன் இலையும் தண்டும் வளர்வதற்குச் செல்லும் வாரங்கள் அதில் சேரவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புதியவர் இண்டிகாதான் விரைவானது என்று முடிவுகட்டுவார். தோட்டத்தில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. நான்காவது வாரத்தில் தானாகப் பூக்கும் செடியின் கணுக்களில் பூப்பின் முதல் அடையாளமான வெண்ணிற இழைகள் நீட்டத் தொடங்கியிருக்கும்போது, அதே நாளில் விதைத்த மற்றச் செடிகள், பகல் நீண்டிருக்கும் வரை, இலை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

பகல் நீளத்தைப் பற்றிப் பட்டியல் ஒரு வரிகூடச் சொல்லாததுதான் பெரிய குறை. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் உருவான குறுகிய இலை சட்டைவா ரகங்கள், பூத்து முற்றவே 12 வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொள்வதோடு, பூக்கத் தொடங்கிய பிறகும் இரண்டு மடங்கு உயரம் வரை எழும்புகின்றன. இவற்றை வடக்கே திறந்த வெளியில் விதைத்தால், கதிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். இப்படி ஒரு எச்சரிக்கை இல்லாமல் ‘மெதுவான ரகம்’ என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

நாருக்கும் எண்ணெய் விதைக்கும் உரிய ரகங்களின் பகுதியை மட்டும் யாரோ விவரம் தெரிந்தவர் தயாரித்திருக்கிறார். குட்டையாக நின்று சீக்கிரமே பூத்து விதை கட்டும் பின்லாந்தின் ஃபினோலாவையும், தாமதமாகப் பூப்பதால் நெடிதுயர்ந்து நார் மிகுதியாகத் தரும் பிரான்சின் ஃபூச்சூரா 75ஐயும் ஒரே பக்கத்தில் வைத்து, தாமதமே ஒரு பயிருக்கு ஆதாயமாவதை அவர் தெளிவாகக் காட்டுகிறார்.

தானாகப் பூக்கும் ரகங்களை ‘தொடக்கநிலையினருக்கு ஏற்றவை’ என்று புகழ்வதும் பாதி உண்மைதான். வேர் அடிபட்டோ நீர் தேங்கியோ முதல் வாரங்களில் வளர்ச்சி தடைப்பட்டால், அந்தச் செடி காத்திருக்காமல் குட்டையாகவே பூத்துவிடும். பகல் நீளத்தைச் சார்ந்த ரகமாக இருந்தால் கூடுதலாகச் சில வாரம் வளரவிட்டு இழப்பைச் சரிக்கட்டலாம்.

நார்ப்பயிர் இடுவோர் இந்தப் பட்டியலைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மற்றவர்கள் விதைக்குப் பணம் கட்டுமுன், குறித்திருக்கும் நாள் முளைப்பிலிருந்தா, பூப்பிலிருந்தா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.