வயிறும் பித்தப்பையும் ஒத்துழைக்காதவருக்கு எந்த இரும்பு மருந்து? மாத்திரை முதல் டிரிப்ஸ் வரை ஒரு மதிப்பீடு

மெடிக்கல் கடையில் போய் “ரத்தம் ஊற ஒரு மாத்திரை குடுங்க” என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது 100 மி.கி. இரும்பும் 1.5 மி.கி. ஃபோலிக் அமிலமும் சேர்ந்த ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரை. வயிறு நன்றாக இருப்பவர் அதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். நெஞ்சு கரிப்புக்கு நாள் தவறாமல் கேஸ் மாத்திரை போடுகிறவர், பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தவர், பித்தப்பையை எடுத்தபின் சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓடுகிறவர், இவர்கள் வயிற்றில் அதே மாத்திரை வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்த மூன்று பேருக்காகத்தான் இந்த மதிப்பீடு. அட்டையில் அச்சிட்ட மில்லிகிராமை இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுங்கியதில் எவ்வளவு ரத்தத்தில் சேருகிறது, எவ்வளவு குடலில் கிடந்து தொல்லை கொடுக்கிறது என்பதுதான் கணக்கு.

வாங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை. பித்தப்பைக் கல்லும் ரத்தசோகையும் ஒருவரிடமே இருந்தால், அது இரும்புக் குறைவுதான் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டக் கூடாது. அரிவாள் செல் நோய், தலசீமியா, பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் போன்றவற்றில் சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே உடைகின்றன. அதனால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடி, பித்தப்பையில் கருப்பு நிறமிக் கற்கள் படிகின்றன. அங்கே ரத்தசோகையால்தான் கல்லே வந்தது. இரும்பு கொடுத்தால் பலன் இல்லாததோடு, தலசீமியாவில் கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படிந்து கேடு செய்யும். சிபிசி (ரத்த அணுக்கள் பரிசோதனை) ரிப்போர்ட் கையில் இருந்தால் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) எண்ணை ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை, மில்லியனில்) எண்ணால் வகுத்துப் பாருங்கள். எம்சிவி 65, ஆர்பிசி 5.8 என்றால் விடை 11 சொச்சம். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரா (அதன் லேசான வகையா) என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். எம்சிவி 70, ஆர்பிசி 3.9 என்றால் 18 பக்கம் வரும், அது இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது. இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்குதான், உறுதி செய்வது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. பித்தப்பை வீங்கியிருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அப்போது 100 வரை இருந்தாலும், டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு என்றே கொள்ள வேண்டும்.

ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. கல் வலியை வாயு என்று நினைத்து டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அது இரைப்பையைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். புண்ணுக்குக் கேஸ் மாத்திரை, கேஸ் மாத்திரையால் அமிலம் குறைந்து இரும்பு உறிஞ்சுவதும் குறையும். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் ஊற்றி என்ன பயன்? ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு வந்தால், மாத்திரையோடு எண்டோஸ்கோபியும் கொலனோஸ்கோபியும் கணக்கில் வர வேண்டும். கொலனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பை நிறுத்திவிடுங்கள். கரிய மலம் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். எங்கள் முதல் தேர்வு விலை குறைந்த ஃபெரஸ் சல்பேட் அல்லது ஃபெரஸ் ஃபியூமரேட், அதுவும் 50, 60 மி.கி. இரும்பு உள்ளது. அரசு சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரை இந்த ரகம். அனீமியா முக்த் பாரத் திட்டத்தின்படி அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். கடையில் லிவோஜென் என்று கேட்டால் 152 மி.கி. ஃபெரஸ் ஃபியூமரேட் உள்ள மாத்திரை. இந்த உப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு, ஆக உண்மையில் 50 மி.கி. அட்டையில் உப்பின் எடையும் இரும்பின் எடையும் மாறி மாறி அச்சாகியிருக்கும். ஒப்பிடும்போது இரும்பின் எடையை மட்டும் பாருங்கள்.

சின்ன மாத்திரையை ஏன் விரும்ப வேண்டும்? 60 மி.கி.க்கு மேல் இரும்பு உள்ளே போனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் குடலின் வாசலைச் சாத்திவைக்கும். அடுத்த வேளை போடும் மாத்திரையில் பெரும்பகுதி உள்ளே நுழைய முடியாமல் பெருங்குடலுக்குப் போய், வாயுவும் மலச்சிக்கலுமாகத் திரும்பும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேருகிறது என்று 2017-இல் வெளியான ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒன்று இரும்புக் குறைந்த பெண்களிடம் காட்டியது. தினம் மூன்று வேளை என்று எழுதும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வயிற்றுக் கோளாறு உள்ளவருக்கு அது தண்டனை. தினம் ஒன்று, அது ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள், அவ்வளவு போதும்.

போடும் முறை: காலையில் எழுந்ததும், ஒரு முழு தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கேயே புண்ணாக்கும். காபி, டீ, பால் ஒரு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் பால் சேர்க்காத அரிசிக் கஞ்சி கொஞ்சம் குடித்துவிட்டுப் போடலாம். உறிஞ்சுவது பாதியாகக்கூடக் குறையும், ஆனால் வாந்தியில் போன மாத்திரையைவிட அது மேல். எலுமிச்சைச் சாறோடு போடு என்று எல்லோரும் சொல்வார்கள். சீனாவில் 440 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி சேர்த்தும் ஹீமோகுளோபின் கூடுதலாக ஏறவில்லை. நெஞ்சு கரிப்பு உள்ளவர் எலுமிச்சையை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

100 மி.கி. ஃபெரஸ் அஸ்கார்பேட்டுக்கு வருவோம். ஓரோஃபெர் எக்ஸ்டி இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இதே கலவை மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அஸ்கார்பேட் இரும்பை எளிதில் உறிஞ்சப்படும் ஃபெரஸ் வடிவிலேயே காப்பதால், அமிலம் குறைந்த வயிற்றிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பான்டோபிரசோலோ ஒமிப்ரசோலோ போன்ற கேஸ் மாத்திரையை நிறுத்தவே முடியாதவருக்கு இது நியாயமான தேர்வு. குறை, அளவு பெரிது. தினமும் போட்டால் மேல்வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் சல்பேட்டுக்குச் சளைத்ததல்ல. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் பரவாயில்லை. டைஜீன், ஜெலூசில் போன்ற அமில முறிவுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். பித்தப்பைத் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருந்தால், அதை இரும்புக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். இல்லாவிட்டால் ஆன்டிபயாட்டிக் இரும்போடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும்.

“வயிற்றை எரிக்காது” என்று விற்கும் மெதுவாகக் கரையும் கேப்சூல்களை இந்த மூன்று பேருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். இரும்பு உறிஞ்சப்படுவது டியோடினத்திலும் (இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் பகுதி) அதை ஒட்டிய சிறுகுடல் பகுதியிலும்தான். கேப்சூல் கரைந்து இரும்பை விடுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. எரிச்சல் குறைவது உண்மை, பலன் குறைவதும் உண்மை. பித்தப்பை எடுத்தபின் வயிற்றோட்டம் உள்ளவரிடம் முழு கேப்சூலே மலத்தில் வந்துவிடலாம். அவருக்குக் கொலஸ்டிரமின் பொடி எழுதியிருந்தால் இன்னொரு சிக்கல்: அது பித்த அமிலத்தைப் பிடிப்பதுபோல இரும்பையும் பிடிக்கும். பொடிக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் இரும்பு.

சிரப்பை ‘டானிக்’ என்று மரியாதையாகக் குடிப்பவர்கள் ஏராளம். டெக்ஸோரேஞ்ச் எடுத்துக்கொண்டால் 15 மி.லி.யில் 160 மி.கி. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், அதாவது சுமார் 33 மி.கி. இரும்பு. அளவு சிறிது என்பதால் வயிறு பொறுத்துக்கொள்ளும், மாத்திரை விழுங்க முடியாதவருக்கு உதவும். ஆனால் இது ஃபெரிக் வகை. ஃபெரஸாக மாறித்தான் குடலுக்குள் நுழைய வேண்டும். கேஸ் மாத்திரை போடுகிறவர் இதை நம்பியிருக்க வேண்டாம். எந்த சிரப் வாங்கினாலும் லேபிளில் சர்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா பாருங்கள். வயிறு உப்புசம், இளகிய மலம் உள்ளவருக்கு அது ஆகாது. பல்லில் கறை படியாமல் இருக்க ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம்.

அயர்ன் பாலிமால்டோஸ் சேர்மம் சாக்லேட் சுவையில் சப்பும் மாத்திரையாக வருகிறது. உணவோடு எடுக்கலாம், எரிச்சல் குறைவு, ஆனால் ஹீமோகுளோபின் ஏறும் வேகமும் குறைவு. 7, 8 கிராமில் இருப்பவருக்குக் காத்திருக்க நேரமில்லை. கொழுப்பு உறைக்குள் அடைத்த லிப்போசோமல் இரும்பு விலை கூடியது, அளவு பெரும்பாலும் 30 மி.கி. சாதாரண மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டுப் பார்த்தும் முடியாதவர் மட்டும் இதைப் பரிசீலிக்கலாம்.

வலி வந்தால் அது மாத்திரையா, கல்லா? தாளில் இரண்டு நேரங்களைக் குறித்துவையுங்கள்: மாத்திரை விழுங்கிய நேரம், எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட நேரம். இரும்பின் எரிச்சல் விழுங்கிய சற்று நேரத்தில் நடு மேல்வயிற்றில் வந்து, மாத்திரை போடாத நாளில் வராது. கல் வலி பிரியாணியோ பூரியோ சாப்பிட்டபின், பல நேரம் ராத்திரியில், வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்கும் வலது தோளுக்கும் போகும். அரை மணி முதல் சில மணி நேரம் விடாது. காய்ச்சலோ, கண் மஞ்சளோ, ஆறு மணி நேரம் தாண்டிய வலியோ இருந்தால் மாத்திரையை மாற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். மலத்தின் நிறமும் குழப்பும். இரும்பால் வரும் கருப்பு பச்சை கலந்து, உருவோடு இருக்கும். தார் போலப் பளபளத்து ஒட்டி, தனி நாற்றம் அடித்தால் அது ரத்தம்.

சாப்பாட்டில், பித்தப்பைக்குப் பயந்து கறியை மொத்தமாக விடுகிறவர் நன்றாக உறிஞ்சப்படும் இரும்பையும் சேர்த்து விடுகிறார். கறிக்கடையில் கேட்டு வாங்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், இந்த விஷயத்தில் பெயருக்கு ஏற்ற சரக்கு. 100 கிராமில் இரும்பு ஏறக்குறைய 40 மி.கி., கொழுப்பு 3 கிராம் அளவே. கெடுப்பது நாம் ஊற்றும் எண்ணெய். மேல் ஜவ்வை உரித்து, மிளகும் உப்பும் தடவி, தணலில் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ உள்ளே சிவப்பு மாறும்வரை சமைத்தால் பித்தப்பை கோபிக்காது. யூரிக் அமிலம் கூடியவருக்கு இது வேண்டாம். பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் மூன்றும் நிறத்தால் பெயர் வாங்கியவை. 100 கிராம் பேரீச்சையில் சுமார் 1 மி.கி. இரும்பு, மாதுளையில் அதைவிடக் குறைவு. முருங்கைக்கீரை இவற்றைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஹீமோகுளோபின் 8-இல் இருப்பவரை அது மட்டும் தூக்கிவிடாது.

மாத்திரை வேலை செய்கிறதா என்பது இரண்டு வாரத்திலேயே தெரியும். ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லை என்றால், ஒழுங்காகப் போட்டும் உறிஞ்சவில்லை அல்லது எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. பிராண்டை மாற்றிக்கொண்டே போவதைவிட அங்கே டிரிப்ஸுக்குப் போவது நல்லது. பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆறு வாரத்துக்குள் தேதி குறித்திருந்தாலும் அப்படியே, மாத்திரைக்கு அவகாசம் போதாது. அளவுக் கணக்கு: உடல் எடை × ஏற வேண்டிய ஹீமோகுளோபின் × 2.4, அதோடு சேமிப்புக்கு 500. 55 கிலோ, 8-இலிருந்து 13-க்கு என்றால் 1160 மி.கி.

அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மி.கி. வரைதான், ஆக ஐந்தாறு முறை போய்வர வேண்டும். விலை குறைவு, அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இதைப் போடுகிறார்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் 15 நிமிடத்தில் 1000 மி.கி. வரை ஏறும், விலை பல மடங்கு. வேலைக்குப் போகிறவருக்குப் பஸ் செலவும் சம்பள இழப்பும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். காய்ச்சலோ பித்தப்பைத் தொற்றோ தீவிரமாக இருக்கும்போது இரண்டையும் தள்ளிப்போட வேண்டும். ஊசி நரம்பை விட்டு விலகினால் தோலில் பழுப்புக் கறை விழும், அது வருடக் கணக்கில் போகாது. எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லி நிறுத்துங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். கார்பாக்சிமால்டோஸுக்குப் பிறகு ஓரிரு வாரத்தில் அசதி கூடினாலோ எலும்பு வலித்தாலோ பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த மருந்து அதை இறக்கக்கூடியது. ஹீமோகுளோபினை நான்கு வாரத்தில் பார்க்கலாம். ஃபெரிட்டினை எட்டு வாரம் கழியாமல் பார்த்தால் பொய்யான பெரிய எண் காட்டும், அந்தப் பரிசோதனைக் காசு வீண்.