ஒயரிங் மாற்றியபின் வண்டி பிடிக்கவில்லையா? பல்பா, மீட்டரா, நேர் ஒயரா?

பழைய அம்பாசடருக்கு முழு ஒயரிங்கும் புதிதாகப் போட்டு வாங்கிய மூன்றாம் நாள், புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. என்னிடம் டிஜிட்டல் மீட்டர் இருந்தது. பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றி அளந்தேன்: 12.4 வோல்ட். கரண்ட் வருகிறது என்று நம்பி, சாரலில் நனைந்தபடி காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டையும் அதோடு இருக்கும் கண்டன்சரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நோண்டிக்கொண்டிருந்தேன்.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு மெக்கானிக், "அண்ணாச்சி, மீட்டரை உள்ள வைங்க. பல்பு போட்டுப் பாப்போம்" என்றார். இரண்டு ஒயர் பற்றவைத்த சாதாரண இண்டிகேட்டர் பல்புதான். அதே ஒயரில் வைத்ததும் பீடிக் கங்கு போல மங்கலாகச் சிவந்தது. சாவிக்குப் பின்னால் இருந்த புது லக்கை (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகத் துண்டு) தொட்டால் சுட்டது. இரண்டு மூன்று செம்புக் கம்பிகள்தான் உள்ளே பிடித்திருந்தன. மற்றவை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது கரண்டை இழுப்பது இல்லையென்றே சொல்லலாம், அதனால் ஒரே ஒரு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். காயிலோ, பாயிண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியர் வரை கேட்கும். புது ஒயரிங்கில் ஒயர் அறுந்திருப்பது அபூர்வம். லக் சரியாக நசுக்கப்படாததும், பாடியோடு சேரும் எர்த் ஒயரைப் பெயிண்ட்டின் மேல் போட்டதும்தான் அதிகம். இந்தக் குறைகளைப் பல்புதான் காட்டிக்கொடுக்கும்.

பல்பில் இன்னொரு வசதி, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஒரு ஒயரைக் காயிலின் பிளஸ்ஸிலும் மற்றதை எர்த்திலும் மாட்டிவிட்டு, ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அணைந்து, சாவியை விட்டதும் எரிந்தால், இக்னிஷன் ஒயரைச் சாவி ஸ்விட்சில் ரேடியோவுக்கான முனையில் மாட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் சாவியை விடும் அந்த நொடியில்தான் எஞ்சின் பிடிக்கப் பார்க்கும். அப்புறம் பல்பைக் காயிலின் மைனஸுக்கு மாற்றுங்கள். செல்ஃப் அடிக்கையில் மினுக்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பிளஸ்ஸில் கரண்ட் இருந்தும் மைனஸில் எரியவே இல்லையென்றால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட், அல்லது காயிலே உள்ளே அறுந்திருக்கிறது.

மீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காயிலை அளக்க அதை விட்டால் வழியில்லை. பாயிண்ட் வண்டிகளின் சாதாரண 12 வோல்ட் காயில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 3 ஓம் அளவில் காட்டும். கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டருடன் ஓடும் காயில் 1.5 ஓம் அளவில் இருக்கும். வோல்ட் எங்கே குறைகிறது என்று தேடவும் மீட்டர் நல்லது. ஆனால் ஒயரைக் கழற்றாமல் அளக்க வேண்டும். சாவி போட்டு, எஞ்சினைக் கையால் திருப்பிப் பாயிண்ட்டை மூடவைத்து, ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையைக் காயில் பிளஸ்ஸிலும் வையுங்கள். பேலஸ்ட் இல்லாத வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஏதோ ஒரு இணைப்பு தின்கிறது. பாயிண்ட் திறந்திருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றிவிடும்.

மூன்றாவது வழி, பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயர். வண்டி பிடித்துவிட்டால் காயில், பாயிண்ட், பிளக் எல்லாம் சரி, குறை சாவிப் பக்கம் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அவ்வளவுக்கு மட்டும் நல்லது. சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. எஞ்சின் ஓடாமல் அப்படியே விட்டால் காயில் கொதிக்கும். ஃபியூஸ் இல்லாத அந்த ஒயரோடு புனலூர் வரை ஓட்டிப் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், எங்காவது உரசினால் தீப்பிடிக்கும்.

ஆக, பாயிண்ட் வைத்த வண்டிக்கு முதலில் பல்பு, சந்தேகம் தீர நேர் ஒயர், கடைசியில் மீட்டர். இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் கதை வேறு. அங்கே கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களில் இந்தப் பல்பை வைக்கவே கூடாது, அது இழுக்கும் கரண்ட்டில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடலாம்.